கழன்று வந்ததைத் தூக்கி எறியாதீர்கள்: வீட்டில் துணி அச்சடிக்கும்போது வரும் கோளாறுகள், அறிகுறி வாரியாக

வீட்டில் துணியில் படம் ஒட்டத் தொடங்கிய எல்லோருக்கும் ஒரு கெட்ட பழக்கம் சீக்கிரமே தொற்றிக்கொள்கிறது. எது தவறினாலும் மறுபடி சூடு வைத்து அழுத்துவது. நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தவன்தான். ஓரம் தூக்கினால் அழுத்துவேன், நிறம் மங்கினாலும் அழுத்துவேன். அழுத்தி அழுத்தி ஒரு நல்ல பாலியஸ்டர் சட்டையின் மார்பில் கண்ணாடிபோல் பளபளக்கும் சதுரம் ஒன்றை உண்டாக்கிய பிறகுதான் கையைக் கட்டிக்கொண்டு யோசித்தேன். கோளாறு எங்கே நேர்ந்தது என்ற தடயம் அந்தத் துணியிலேயே இருக்கிறது. மறுபடி வைக்கும் சூடு முதலில் அதைத்தான் அழிக்கிறது.

எனவே முதலில் பாருங்கள், பிறகு கை வையுங்கள். திருத்தும்போது வெப்பம், அழுத்தம், நேரம் இவற்றில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றையும் சேர்த்து ஏற்றினால் அடுத்த துணி சரியாக வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாது. பழைய பருத்தித் துணியில் ஒரு துண்டு, பாலியஸ்டரில் ஒரு துண்டு எப்போதும் மேசையருகே இருக்கட்டும். சோதனைகளை அவற்றில் வைத்துக்கொள்ளலாம்.

துவைத்ததும் ஓரம் தூக்குகிறது, அல்லது படமே கழன்று வருகிறது

அதிகம் பேரைப் படுத்தும் கோளாறு இதுதான். துவைக்கும்போது வெளிப்படுவதால் சோப்பின் மீதும் வாஷிங் மெஷின் மீதும் பழி விழுகிறது. பெரும்பாலும் குற்றம் அழுத்தும்போதே நடந்து முடிந்திருக்கும். கழன்று வந்த துண்டை எடுத்துத் திருப்பி, பசை இருந்த பக்கத்தை வெளிச்சத்தில் பாருங்கள்.

பசை வழவழப்பாக, ஒரு நூல்கூட ஒட்டாமல் பளபளத்தால், அது உருகித் துணிக்குள் இறங்கவே இல்லை. சூடு போதவில்லை, அழுத்தம் போதவில்லை, அல்லது துணியில் ஈரம் இருந்தது. சாதாரண வெப்ப வினைலுக்கு, அதாவது வடிவமாக வெட்டிச் சூட்டால் துணியில் ஒட்டும் பசையுள்ள நெகிழிப் படலத்துக்கு, பொதுவாக 150 முதல் 160 டிகிரி செல்சியஸ், 10 முதல் 15 விநாடி, நடுத்தர அழுத்தம் வேண்டும். உங்கள் சுருளுக்கான சரியான எண் அதன் உறையில் இருக்கும். அதுவே கடைசி வார்த்தை. இஸ்திரிப்பெட்டியில் எண் இருக்காது, புள்ளிகள்தான் இருக்கும். துணிப் பராமரிப்புக் குறியீட்டில் ஒரு புள்ளி சுமார் 110 டிகிரி, இரண்டு புள்ளி சுமார் 150, மூன்று புள்ளி சுமார் 200 என்ற மேல் எல்லையைக் குறிக்கும். பெட்டியின் வெப்பமோ ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். விளக்கு அணைந்த கையோடு வைத்தால் ஏறிய வெப்பம் கிடைக்கும். எரிந்துகொண்டிருக்கும்போது வைத்தால் இறங்கிய வெப்பம்தான்.

இஸ்திரிப்பெட்டி வைத்திருப்பவர்கள் இன்னும் மூன்றைக் கவனிக்க வேண்டும். நீராவியை நிறுத்துங்கள், தொட்டியில் தண்ணீரே வேண்டாம். பஞ்சு வைத்த இஸ்திரி மேசையை விட்டுவிட்டுக் கெட்டியான மரப்பலகையில் வேலை செய்யுங்கள். மெத்தை உங்கள் அழுத்தத்தை எல்லாம் விழுங்கிவிடும். மூன்றாவதாக, துணியைத் தேய்ப்பதுபோல் பெட்டியை ஓட்டாதீர்கள். வைத்து, உடல் எடையைக் கொடுத்து, எண்ணி, தூக்கி, அடுத்த இடத்தில் வையுங்கள். அடிப்பகுதியில் நீராவித் துளைகள் இருக்கும் இடத்தில் சூடு படாது. அதனால் இரண்டாம் முறை பெட்டியைச் சற்று நகர்த்தி வைக்க வேண்டும். கழன்ற இடம் வரிசையாகச் சிறு வட்டங்களாக இருந்தால் துளைகள்தான் காரணம்.

ஹீட் பிரஸ் (சூடான தட்டால் அழுத்தும் இயந்திரம்) வைத்திருப்பவர்கள் திரையில் தெரியும் எண்ணை அப்படியே நம்பிவிட வேண்டாம். மலிவான தட்டுகளில் நடுப்பகுதி சூடாகவும் ஓரங்கள் ஆறியும் இருக்கும். அகச்சிவப்பு வெப்பமானியால் அளக்கும்போது ஒரு பொறி உண்டு: பளபளக்கும் உலோகத்தை அது உள்ளதைவிடக் குளிர்ச்சியாகக் காட்டும். தட்டின் மீது கருப்புத் துணித் துண்டைச் சற்று நேரம் அழுத்தி, தட்டைத் திறந்தவுடனே அந்தத் துணியை அளந்தால் ஓரளவு உண்மை தெரியும்.

பசையில் நூல் துணுக்குகள் அடர்த்தியாக ஒட்டியிருக்கின்றனவா? அப்படியானால் சூடு போதுமானதாகவே இருந்திருக்கிறது. பசை மேற்பரப்பில் இருந்த பஞ்சை மட்டும் பிடித்திருக்கிறது. புதுத் துணியின் கஞ்சி, துணியை மென்மையாக்கும் திரவத்தின் படலம், துடைக்காத தூசி ஆகியவை வழக்கமான காரணங்கள். அச்சடிப்பதற்கு முன் மென்மையாக்கி சேர்க்காமல் ஒருமுறை துவைத்துக் காயவையுங்கள். ஒட்டும் உருளையால் தூசியை எடுங்கள். பிறகு வெறும் துணியை 5 விநாடி சூடாக்கி ஈரத்தை விரட்டுங்கள். அழுத்தத்தையும் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள்.

மூன்றாவது நிலை: பசை துணியிலேயே தங்கிவிட்டது, மேல் படலம் மட்டும் பிரிந்து வந்துவிட்டது. இங்கே சூடு மிஞ்சியிருக்கலாம், அல்லது வினைலைத் தாங்கி வரும் மேல் தாளை உரிக்க வேண்டிய நேரம் தவறியிருக்கலாம். சிலவற்றைச் சூட்டோடு உரிக்க வேண்டும், சிலவற்றை முழுதும் ஆறிய பிறகு. இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். உறையைத் தொலைத்துவிட்டால் ஓரத்தை ஒரு சென்டிமீட்டர் மட்டும் தூக்கிப் பாருங்கள். எழுத்து தாளோடு எழுந்து வந்தால் கீழே விட்டு ஆறவிடுங்கள்.

ஒரே இடம் மட்டும் தூக்கினால் அடியில் என்ன இருக்கிறது என்று தடவிப் பாருங்கள். தையல், பொத்தான், ஜிப், பாக்கெட்டின் மடிப்பு எதுவாக இருந்தாலும் அது தட்டைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளும். பக்கத்தில் உள்ள பள்ளத்துக்கு அழுத்தம் போய்ச் சேராது. படம் விழும் இடத்துக்கு மட்டும் உள்ளே ஒரு வெப்பம் தாங்கும் நுரைத் திண்டை வைத்து உயர்த்துங்கள். தொப்பி, துணிப்பை, சிறு பர்ஸ் எல்லாவற்றிலும் இந்தத் திண்டுதான் பாதி வேலையைச் செய்கிறது.

குடை, மழைச்சட்டை, சில முதுகுப்பைகளில் எதைச் செய்தாலும் ஒட்டாது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். அது முத்தாக உருண்டு நின்றால் துணியின் மேல் நீர் விலக்கும் பூச்சு இருக்கிறது. சாதாரண வினைல் அதில் நிற்காது. நைலானுக்கென்றே வரும் வினைலைத் தேட வேண்டும். அதிலும் முதலில் ஓரத்தில் சோதனை.

எல்லாம் சரியாக இருந்தும் மெய்யெழுத்துகளின் புள்ளிகள் மட்டும் உதிர்கின்றனவா? தமிழில் அச்சடிப்பவர்களுக்கே வாய்த்த தலைவலி இது. மெல்லிய எழுத்துருவில் புள்ளி 2 மில்லிமீட்டர்கூட இருக்காது. பிடித்துக்கொள்ள அதற்குப் பசைப் பரப்பே இல்லை. தேவையற்ற வினைலை உரித்தெடுக்கும்போதே பாதி புள்ளிகள் கூடவே போய்விடும். ‘கண்ணன்’ என்று வெட்டியது ‘கணணன’ என்று நின்ற அனுபவம் எனக்கு உண்டு. தடித்த எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள், புள்ளியை மட்டும் தனியாகப் பெரிதாக்குங்கள். பெரிய புள்ளி பார்ப்பதற்கு அசிங்கம் என்பவர்களுக்கு, இல்லாத புள்ளி இன்னும் அசிங்கம் என்று சொல்லிவிடுவேன்.

ஒட்டியதும் 24 மணி நேரம் துவைக்காமல் விடுங்கள். பிறகு உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பி, குளிர்ந்த நீரில் துவையுங்கள். ஒட்டுவதற்கு வாங்கியது வண்டிகளிலும் சுவர்களிலும் ஒட்டும் ஸ்டிக்கர் வினைல் என்றால் மேலே சொன்ன எதுவும் உதவாது. அது துணிக்கு ஆனதல்ல. சூடு வைக்கவும் கூடாது.

நிறம் மங்கலாக இருக்கிறது

எந்த முறையில் அச்சடித்தீர்கள் என்பதைப் பொறுத்தது இது. சப்ளிமேஷன் (தாளில் அச்சடித்த சாயத்தைச் சூட்டால் துணிக்கு மாற்றும் முறை) என்றால் முதல் கேள்வி துணியைப் பற்றியது. அந்தச் சாயம் சூட்டில் நேராக ஆவியாகிப் பாலியஸ்டர் இழைக்குள் புகுந்து தங்குகிறது. பருத்தியில் அதற்குப் புகலிடம் இல்லை. அச்சடித்த அன்று அழகாகத் தெரியும், முதல் துவையலில் வெளுத்துவிடும். கலப்புத் துணியில் பாலியஸ்டர் எவ்வளவோ அவ்வளவு நிறம்தான் நிற்கும். வெளிறிய பழைய தோற்றம் வேண்டும் என்று சிலர் விரும்பியே கலப்புத் துணியில் அச்சடிப்பார்கள். நீங்கள் விரும்பாமல் அது வந்திருந்தால் துணியின் லேபிளைப் படியுங்கள். லேபிள் இல்லையென்றால் உள்தையலில் ஒரு நூலை இழுத்து, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்ப் பாத்திரத்துக்கு மேலே கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகித வாசனையோடு எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் சுருங்கி, உருகி, கெட்டியான மணியாக நிற்கும்.

துணி சரிதான் என்றால் தாளைப் பாருங்கள். அழுத்தி முடித்த தாளில் சாயம் நிறையத் தங்கியிருந்தால் சூடும் நேரமும் போதவில்லை. துணிக்கு வழக்கமாக 190 முதல் 205 டிகிரி, 45 முதல் 60 விநாடி தேவைப்படும். இஸ்திரிப்பெட்டியால் இந்த வெப்பத்தைச் சீராகக் கொடுக்க முடிவதில்லை. சப்ளிமேஷனை அதில் முயல்வது வீண் என்பது என் கருத்து. தாள் வெளுத்திருந்தும், கருப்பு பழுப்பேறி விளிம்புகள் கசிந்திருந்தால் சூடோ நேரமோ மிகுந்துவிட்டது. தாளில் அச்சானவுடன் நிறங்கள் சோகமாகத் தெரிவது மட்டும் கோளாறு அல்ல. அழுத்திய பிறகுதான் அவை விழிக்கும்.

கறுப்புத் துணியில் சப்ளிமேஷன் தெரியவில்லை என்று கேட்பவர்கள் நிறைய. தெரியாது. அதில் வெள்ளை மையே கிடையாது. சாயம் ஒளி ஊடுருவும். கருந்துணிக்கு வினைல், அடர்நிறத் துணிக்கான டிரான்ஸ்பர் பேப்பர் (அச்சடித்த படத்தைச் சூட்டால் துணிக்கு மாற்றும் தாள்), அல்லது வெள்ளை மையோடு படத்தை அச்சடித்துப் பசைத்தூளால் துணியில் ஒட்டும் டிடிஎஃப் படலம்தான் வழி.

இங்க்ஜெட் டிரான்ஸ்பர் பேப்பரில் அச்சடித்த படம் துவைக்கும்போது நிறம் கசிந்தால் மையைச் சந்தேகியுங்கள். சில பிரின்டர்களில் இருப்பது நீரில் கரையும் சாய மை. சிலவற்றில் நிறமித் துகள் மை. துகள் மை தண்ணீரை நன்றாகத் தாங்கும். சாய மை மட்டுமே உள்ளவர்கள் அச்சடித்த தாளை நன்கு காயவிட்டு, படத்தின் விளிம்பைவிடச் சற்றே வெளியே வெட்டி, படலம் மையை மூடுமாறு பார்த்துக்கொள்ளலாம்.

எழுத்து வலமிடமாக மாறிவிட்டது

எல்லோரும் ஒருமுறை செய்வது. துணியை நோக்கி முகம் கவிழ்த்து வைக்கும் எதையும் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பித்தான் அச்சடிக்க வேண்டும்: சப்ளிமேஷன் தாள், வெளிர்நிறத் துணிக்கான டிரான்ஸ்பர் பேப்பர், வெட்டும்போது வினைல். அடர்நிறத் துணிக்கான பேப்பரில் பின்தாளை உரித்துப் படம் மேலே தெரியும்படி வைப்பதால் திருப்பக் கூடாது. திரையில் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். ‘ப’ போன்ற எழுத்து கண்ணாடியிலும் அப்படியே இருந்து கண்ணை ஏமாற்றும். ‘ட’வைத் தேடுங்கள், அது உண்மையைச் சொல்லிவிடும்.

கொம்பும் காலும் எழுத்தை விட்டுத் தள்ளி நின்றால், அது திருப்பியதால் வந்தது அல்ல. உங்கள் மென்பொருளுக்குத் தமிழ் எழுத்துகளைச் சேர்க்கத் தெரியவில்லை. சரியாகக் காட்டும் வேறொரு மென்பொருளில் எழுதி, எழுத்தை வடிவக்கோடுகளாக மாற்றிக் கொண்டுவாருங்கள்.

படத்துக்குப் பக்கத்தில் இரட்டை நிழல்

சப்ளிமேஷனில், சாயம் இன்னும் ஆவியாக இருக்கும்போதே தாள் நகர்ந்தால் இப்படி ஆகும். பெரும்பாலும் தட்டைத் தூக்கும் அந்த நொடியில் காற்று இழுத்துத் தாளை அசைக்கிறது. வெப்பம் தாங்கும் டேப்பால் நான்கு பக்கமும் ஒட்டுங்கள். தட்டை மெதுவாகத் திறங்கள். தாளை மெல்ல மெல்ல உரிக்காமல் ஒரே இழுப்பில் எடுங்கள். இது வந்துவிட்டால் போகாது. அடுத்த துணிக்கான பாடம் மட்டும்தான்.

நீலப் புள்ளிகள், வெள்ளைப் பொட்டுகள்

அங்கங்கே நீலமாகவோ சிவப்பாகவோ சிறு கோடுகள் தெரிந்தால் அவை தூசி. கண்ணுக்குத் தெரியாத வண்ண நூல் துணுக்கின் சாயமும் அந்தச் சூட்டில் ஆவியாகித் துணிக்குள் இறங்கிவிடும். வெள்ளைத் துணியென்றாலும் உருளையால் துடைத்துவிட்டுத்தான் அழுத்த வேண்டும். அழுத்தும்போது மேலே வைக்கும் பழைய மூடுதாளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் முந்தைய படத்தின் பேய் இந்தச் சட்டையில் வந்து உட்காரும். தாள் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். சட்டைக்கு உள்ளேயும் ஒன்று வையுங்கள், சாயம் முதுகுக்கு ஊடுருவாமல் இருக்கும்.

நிறம் ஏறாத வெள்ளைப் பொட்டுகள் என்றால் ஈரம். தாளிலோ துணியிலோ இருந்த நீர் ஆவியாகி அந்த இடத்தில் குமிழ் போட்டிருக்கிறது. மழைக்காலத்தில் திறந்து வைத்த தாள் கட்டு இதற்குப் போதும்.

படத்தைச் சுற்றிச் சதுரத் தடம், மஞ்சள் கறை

பளபளக்கும் சதுரம் பாலியஸ்டர் இழைகள் சூட்டில் நசுங்கிய தடம். இலேசானது என்றால் நீராவி காட்டி, மென்மையான பிரஷ்ஷால் நீவினால் குறையும். இழை உருகிவிட்டிருந்தால் மீளாது. அடுத்த முறை உள்ளே நுரைத் திண்டு வைத்து அழுத்தத்தைக் குறையுங்கள். தாளின் விளிம்பு மட்டும் கோடாகப் பதிந்தால், தாளின் ஓரங்களைக் கத்தரிக்கோலால் வெட்டாமல் கையால் கிழித்து விடுங்கள். கூரான விளிம்பு இல்லாவிட்டால் கோடும் விழாது. வெள்ளைப் பருத்தியில் மஞ்சள் நிறம் தட்டினால் அது கருகல். லேசானது ஒரு துவையலில் போகலாம்.

வெளிர்நிறத் துணிக்கான டிரான்ஸ்பர் பேப்பரில் படத்தைச் சுற்றி மஞ்சளாகப் பழுத்த கண்ணாடிப் படலம் தெரிவது வேறு கதை. வெற்றிடத்திலும் படலம் இருக்கும்; வெட்டாமல் விட்டால் அது காட்டிக்கொடுக்கும். படத்தை ஒட்டி வெட்டுங்கள்.

வெள்ளை வினைல் இரண்டு நாளில் இளஞ்சிவப்பாகிறது

சிவப்புப் பாலியஸ்டர் சட்டையில் வெள்ளை எழுத்து. ஒட்டியபோது பளிச்சென்று இருந்தது. துணிக்கு மில்லில் ஏற்றிய சாயம் சூட்டில் அசைந்து வினைலுக்குள் ஏறிவிட்டது. சப்ளிமேஷன் எந்த இயல்பால் வேலை செய்கிறதோ அதே இயல்புதான் இங்கே எதிரி. குறைந்த சூட்டில், 130 டிகிரி அளவில் ஒட்டும் வினைலோ, சாயம் தடுக்கும் அடுக்கு உள்ள வினைலோ வாங்குங்கள். சாதாரண வினைலை நேரத்தைக் குறைத்து ஒட்டிப் பார்ப்பது அரைகுறைத் தீர்வு; நிறம் ஏறுவது குறையலாம், ஆனால் ஓரம் தூக்கும்.

படம் வெடிக்கிறது

இழுபடும் துணியில் இழுபடாத படலத்தை ஒட்டினால் வெடிக்கத்தான் செய்யும். விளையாட்டு உடைக்கு நெகிழும் வினைல் வேண்டும். டிரான்ஸ்பர் பேப்பர் என்றால், உரித்த சூட்டோடு துணியை அகலவாக்கில் மிக மெதுவாக இழுத்துவிடுங்கள். படலம் துணியின் நெளிவுக்குப் பழகும். டிடிஎஃப் படம் வெடித்தால், மேல் படலத்தை உரித்த பிறகு பட்டர் பேப்பர் வைத்து இரண்டாம் முறை சில விநாடிகள் அழுத்தினீர்களா என்று நினைத்துப் பாருங்கள். பலர் அந்த அழுத்தலைத் தவிர்த்துவிடுகிறார்கள்.

ஸ்கிரீனில் மை இறங்கவில்லை, அல்லது வழிகிறது

ஸ்கிரீன் அச்சில் சட்டத்தில் இறுக்கிய வலை வழியே மை துணியில் இறங்குகிறது. முதல் மூன்று சட்டை நன்றாக வந்து நான்காவதில் கோடுகள் காணாமல் போனால், நீர் மை வலையிலேயே காய்ந்துவிட்டது. ஒவ்வொரு அச்சுக்குப் பிறகும் ஸ்க்வீஜியால் (மையைத் தள்ளும் ரப்பர் பட்டையால்) அழுத்தாமல் மையைப் படத்தின் மேல் பரப்பி மூடிவையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். அதையும் மீறிக் காய்ந்தால் நுண்துளிகளாகத் தண்ணீர் தெளித்துத் துடையுங்கள்.

விளிம்பு வழிந்தால் வலை துணியோடு ஒட்டிக் கிடக்கிறதா என்று பாருங்கள். சட்டத்தின் கீழ் அட்டை வைத்து 3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டால், ஸ்க்வீஜி கடந்த கையோடு வலை எழுந்துவிடும். துணிக்குப் பொதுவாக அங்குலத்துக்கு 110 இழை வலை போதும். நுணுக்கமான படத்துக்கு அதைவிட நெருக்கமானது.

எமல்ஷன் (வலையில் பூசி ஒளியில் கெட்டியாக்கும் பூச்சு) தண்ணீர் விட்டதும் வழுவழுவென்று கரைந்து போனால் ஒளி போதவில்லை. மெல்லிய கோடுகள் எவ்வளவு தண்ணீர் அடித்தும் திறக்கவில்லை என்றால் ஒளி மிகுந்துவிட்டது. ஒரே சட்டத்தில் அட்டையை நகர்த்தி நகர்த்திப் பல நேரங்களைச் சோதித்தால் ஒரு மாலையில் விடை கிடைத்துவிடும். துவைக்கும்போது மை போனால் சூட்டால் நிலைப்படுத்தவில்லை என்று பொருள். தொட்டால் ஒட்டாமல் காய்ந்திருப்பதும் நிலைப்படுவதும் வேறு. நீர் மையில் முதலில் தண்ணீர் முழுதும் போக வேண்டும். அதன் பிறகுதான் டப்பாவில் சொன்ன வெப்பம் வேலை செய்யத் தொடங்கும்.

படம் மங்கல், வரி வரியாக விழுகிறது

வரிகள் என்றால் பிரின்டரின் மைத்துளை அடைப்பு; துளைச் சோதனை அச்சு எடுத்து, சுத்தம் செய்யும் கட்டளை கொடுங்கள். மங்கல் என்றால் படமே சிறியது. 25 சென்டிமீட்டர் அகலத்துக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் சுமார் 2,950 பிக்சல் தேவை. கைப்பேசியில் பகிர்ந்து பகிர்ந்து தேய்ந்த படத்தில் அது இருக்காது. இங்க்ஜெட்டுக்கான டிரான்ஸ்பர் பேப்பரை மட்டும் லேசர் பிரின்டரில் போட்டுவிடாதீர்கள். உள்ளே இருக்கும் சூடான உருளையில் படலம் உருகி ஒட்டிக்கொள்ளும்.

கெட்டுப்போன துணியை மீட்க முடியுமா

வினைல் என்றால் முடியும். துணியை உள்பக்கம் திருப்பி, படத்தின் முதுகில் சூடு வையுங்கள். பசை இளகியதும் இடுக்கியால் ஒரு மூலையைப் பிடித்துச் சூடு ஆறுவதற்குள் இழுங்கள். மீதிப் பசைக்கு வினைல் நீக்கும் திரவம் உண்டு. முதலில் மடிப்பின் உள்ளே ஒரு சொட்டு விட்டுத் துணியின் நிறம் போகிறதா என்று பாருங்கள். பழைய படம் இருந்த இடத்தில் நிழலாக ஒரு தடம் மிஞ்சலாம். புதுப் படத்தை அதைவிடப் பெரிதாக வைத்தால் மறைந்துவிடும்.

சப்ளிமேஷன் போகாது. சாயம் இழைக்குள் இருக்கிறது; கரைப்பானும் சோப்பும் அதைத் தொடாது. மேலே வினைல் ஒட்டி மறைக்கலாம். ஆனால் வெள்ளை வினைலைக் கையில் எடுத்துவிடாதீர்கள். கீழே இருக்கும் சாயம் சூடு பட்டதும் மறுபடி எழுந்து அதற்குள் ஏறும். கறுப்பு வினைலையோ சாயம் தடுக்கும் அடுக்கு உள்ளதையோ எடுங்கள்.